நெல்லுக்கும் ஒரு கடிகாரம்

மேன்மை தங்கிய தானியப் போக்குவரத்து ஒப்பந்த நிர்வாகத்தாரின் சமூகத்திற்கு, காவிரிப் படுகையில் அரை வேலி நிலத்தில் குறுவை போடும் சாமானியன் ஒருவன் அனேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்திலிருந்து எடுத்துவந்து கூட்ஸ் ஷெட்டில் இறக்க ஒருவர், வேகனில் ஏற்ற ஒருவர், போய்ச் சேர்ந்த ஊரில் இறக்க ஒருவர் என்று ஒரே மூட்டையின் பிரயாணத்தைப் பல டெண்டர்களாகப் பகுத்து, அவர்களில் எவரும் மூட்டைக்குள் இருப்பது என்னவென்று விசாரிக்கும் சிரமம் இல்லாதபடி ஷரத்துகளை வகுத்திருக்கும் தங்கள் தீர்க்கதரிசனத்தை முதற்கண் வியந்து போற்றுகிறேன்.

ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின்மீதே எனக்குத் துவேஷம் என்று தாங்கள் எண்ணிவிடலாகாது. பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் எஃகுக் குதிர்கள் எழுப்பி, அங்கே சேரும் கோதுமையைச் சாக்கு என்பதே இல்லாமல் சொந்த வேகன்களில் சென்னைக்கும் கோவைக்கும் கொண்டுவந்து சேர்க்க, இந்திய உணவுக் கழகம் 2005-ஆம் ஆண்டில் ஒரு தனியார் நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இத்தனை டன்னுக்குக் கூலி நிச்சயம் என்ற உத்தரவாதத்தையும் சேர்த்தே கொடுத்தது. குதிருக்கு அவ்வளவு பரிவு காட்டிய தேசத்தில், நெல்லுக்காக நான் யாசிப்பது ஒரு கடிகாரம் மட்டுமே.

வேகன் வந்து நின்று சலுகை நேரம் கழிந்துவிட்டால், மணிக்கு வேகன் ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்குகிறது. ஆகையால் சென்ற ஐப்பசியில் 42 வேகன் ரேக் ஒன்று நள்ளிரவில் வந்து நின்றபோது, ஒப்பந்தக்காரரும் குமாஸ்தாக்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடிய ஓட்டத்தில் இருந்த சிரத்தையை, எங்கள் ஊர்த் தேரோட்டத்தில்கூட நான் கண்டதில்லை. ஆனால், 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறதென்று இருமுறை களத்துக்குத் திருப்பப்பட்டு, காய்ந்து பரிசுத்தமாகி வந்து, கிழிந்த தார்ப்பாயின்கீழ் பதினொரு நாள் அந்த ரேக்குக்காகக் காத்துக் கிடந்த நெல்லுக்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை.

சுமைதூக்கும் பெரியவர் ஒருவர் 40 கிலோ மூட்டையில் கொக்கியை மாட்டி இழுத்தார். தையல் விட்ட இடத்தில் வெள்ளைவெளேரென்று முளை எட்டிப் பார்த்தது. “இது மூட்டை இல்லீங்க தம்பி, நாத்தங்கால்” என்றார்.

இதற்கு யார் ஜவாப்தாரி என்று விசாரித்தேன். லாரிக்காரர், இறக்கியதோடு தம் வேலை தீர்ந்தது என்றார். ஏற்றுகிறவர், ரேக் வந்த பிறகே தம் வேலை தொடங்குகிறது என்றார். இடையில் கிடந்த பதினொரு நாளுக்கு டெண்டர் எடுத்தவர் வருணபகவான் ஒருவரே என்று தெரிந்துகொண்டேன்.

ஆகவே, மூட்டையின் வாய் தைக்கப்பட்ட நேரத்திலிருந்து நெல்லுக்கும் டெமரேஜ் ஓடுமாறும், அது இன்னார் கணக்கில் ஏறும் என்று எழுதிவைக்குமாறும் ஒரு ஷரத்து சேர்த்தருள வேண்டும். புதுக் கடிகாரம் வாங்க டெண்டர் கோரிக் காலம் கடக்கும் என்றால், வேகனுக்கு ஓடும் கடிகாரத்தையே சற்று இந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கும்படி பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாற்றங்காலுக்கு அடுத்த வயற்காரன்