காற்றுத் தின்னப் போன கதை

ஊர் சுற்றுவதை மலாய்க்காரர்கள் 'மக்கான் ஆஙின்' என்பார்கள். காற்றுத் தின்பது என்று பொருள். என் மனைவிக்கு இந்தச் சொல்மேல் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. "காத்தத் தின்னா வயிறு நெறையுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாளி புளிச்சோறு, அவித்த முட்டை பத்து, நெத்திலிச் சம்பல், இரண்டு சுடுதண்ணீர் போத்தல், ஒரு பாய் எல்லாவற்றையும் எங்கள் கஞ்சில் காரின் பின்சீட்டில் ஏற்றினாள். கஞ்சில் என்றால் சருகுமான். 660 சிசி. அன்று காலை அது நிறைமாதச் சருகுமானாக வாசலில் நின்றது.

நாங்கள் இருப்பது ரெம்பாவில். அடாட் பெர்பாத்தே நடக்கிற சீமை. மினாங்கபாவ் வழக்கப்படி குடும்ப நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். நாங்கள் தமிழர்கள், எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் நாற்பது வருடம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் கொஞ்சம் ஒட்டாமலா போகும்? கார் என் பெயரில் இருக்கிறது. சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

பயணம் என் யோசனை. நான் தோட்டத்தில் கிராணியாக ரப்பர் பால் நிறுத்துக் கணக்கு எழுதியவன். அவள் கித்தா மரம் வெட்டி, பிறகு செம்பனைக்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவள். இருவருக்கும் பிறந்ததிலிருந்து நாலா பக்கமும் மரம். ஒருமுறையாவது மரமே இல்லாத இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தீவு என்றால் கடல்தானே? லிங்கி வழியாகப் போர்ட்டிக்சன், அங்கிருந்து கடலோரச் சடக்கைப் பிடித்து மோரிப், பந்திங், கேரித் தீவு. ராத்திரி கிள்ளானில் படுக்கை. மறுநாள் காலை படகேறிப் புலாவ் கெத்தாம். நெடுஞ்சாலை வேண்டாம், அவசரம் ஒன்றுமில்லை, டோல் காசும் மிச்சம்.

அவசரம் இல்லை என்றதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பத்துக் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, பெடாஸில் "பசியாறிட்டுப் போவோம்" என்றாள். புளிச்சோறு? "அது வழிக்கு." பெடாஸ் வழி இல்லையாம்.

தஞ்சோங் துவான் போய்ச் சேரும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. போர்ட்டிக்சன் பக்கம் கடலுக்குள் மூக்கை நீட்டும் குன்றுக்காடு அது. உச்சியில் 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம். வேடிக்கை என்னவென்றால், சுற்றியுள்ள தரையெல்லாம் நெகிரி செம்பிலான், இந்த மூக்கு மட்டும் மலாக்கா மாநிலம். ஏறும்போதே சொல்லித் தொலைத்தேன். "அப்ப மலாக்கா பாத்தாச்சு" என்று வருடக்கணக்காக நான் தள்ளிப்போட்டு வந்த மலாக்காப் பயணத்தை அங்கேயே முடித்துவைத்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை.

மார்ச் மாதம். வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டி இங்கேதான் கரையேறும். கடல்மேல் வெப்பக்காற்று எழும்பாது. பாவம், சிறகடித்தே வரவேண்டும். கரையைத் தொட்டதும் காற்றைப் பிடித்து வட்டமிட்டு மேலே போகும். தொலைநோக்கியும் காமிராவுமாகக் கூட்டம் வாய்பேசாமல் நின்றது. முதல் பருந்து தலைக்குமேல் வந்ததும் என் மனைவி "கருடா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்தது. அதற்கும் போட்டாள். பிறகு ஏழெட்டாக வரத் தொடங்கின. ஒரு கருடனைக் கும்பிட்டு இன்னொன்றை விடலாமா? பட் பட் பட் என்று அந்த அமைதியில் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற சீன இளைஞர் கொசுத்தைலத்தை எடுத்து நீட்டினார். நாற்பதுக்குமேல் நான் எண்ணவில்லை. இறங்கும்போது அவள் கன்னம் இரண்டும் மருதாணி வைத்ததுபோல் இருந்தது.

மோரிப்பில் நீர் வற்றிய நேரம். கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு. நடுவில் முழுக்கச் சேறு. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான்காரன் தோற்று ஓய்ந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை பெரிய ஏற்பாட்டோடு இங்கே இறங்கி, வண்டிகளைச் சேற்றில் புதைத்துக்கொண்டது. "கேட்டுட்டு எறங்கக் கூடாதா?" என்றாள். படைத்தளபதிகளுக்கும் வீட்டில் ஒருத்தி வேண்டும். பாயை விரித்தோம். புளிச்சோறு தீர்ந்தது.

நாலரைக்குப் பாலம் ஏறி, லங்காட் ஆற்றைத் தாண்டி, கேரித் தீவில் நுழைந்தோம். இடது பக்கம் செம்பனை. வலது பக்கம் செம்பனை. போகப் போகச் செம்பனை. கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி பெயரை வைத்த தீவில் வேறு என்ன இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குமேல் வண்டியை விரட்டாமல் நாள் முழுக்க ஓட்டி, எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினேன். இறங்கி நேராக ஒரு மரத்தடிக்குப் போய்க் குனிந்தாள். உதிரிப் பழம் சிதறிக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தாள். நுனி கறுப்பு, அடி ஆரஞ்சு. நகத்தால் கீறி எண்ணெய் பார்த்தாள். "குலைய வெட்டி ரெண்டு நாளாவது இருக்கும். பொறுக்காமப் போயிருக்கானுங்க" என்றாள். பிறகு என்னைக் காத்திருக்க வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய தோட்டத்தில், சம்பளம் இல்லாமல், மூன்று மரத்து உதிரியைப் பொறுக்கிக் குவித்துவிட்டு நிமிர்ந்தாள். காலையிலிருந்து அப்படியொரு முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் ஒரு மூதாட்டி வந்து இறங்கினார். இந்த நாட்டில் தமிழரும் தமிழரும் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி வந்தது.

"எந்தத் தோட்டம்?"

"ரெம்பாவ் பக்கம்க்கா."

ஐந்தே நிமிடத்தில், அவருடைய நாத்தனாரை என் மனைவியின் ஒன்றுவிட்ட சித்தப்பா கட்டியிருந்தது வெளியே வந்தது. கிள்ளான் படுக்கை ரத்து. புலாவ் கெத்தாமும் ரத்து. இரண்டு ராத்திரி அந்த அக்கா வீட்டு ஐந்தடித் திண்ணையில் பாய் போட்டுப் படுத்தோம். நெத்திலிச் சம்பல் டப்பா காலியாகி, அதில் நண்டுப் பிரட்டல் ஏறியது. புறப்படும்போது வாளியில் முருங்கைக்கீரை, பின்சீட்டில் ஒரு வாழைக்கன்று. கன்றின் தலை என் தோளைத் தட்டிக்கொண்டே ரெம்பாவ்வரை வந்தது.

கேரித் தீவில் நாங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் கன்றுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமாலா, தீவுக்குத்தான் போயிருந்தோம். சுத்தி வரக் கடல்தான், வேற என்னா இருக்கும்?"