ஹெவி லைசென்ஸ் தேர்வில் தோல்வியும் மறுதேர்வும்: திருவண்ணாமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தோல்வியைப் பற்றி எழுதத் தமிழர் ஒருநாளும் தயங்கியதில்லை. காதல் தோல்விக்கு நூலகத்தில் தனி அடுக்கே உண்டு. தேர்தல் தோல்விக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு வருகிறது. ஆனால், லாரியை நான்கு கழிகளுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னபோது ஒரு கழியைச் சாய்த்துவிட்டு, பஸ் ஏறி வீடு திரும்பியவனின் தோல்வியை மட்டும் புலமை உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இழுக்கைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் திருவண்ணாமலை; வாகனப் பதிவில் டிஎன் 25. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து தூத்துக்குடி போகும் 38ஆம் எண் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்வதால் லாரிக்குப் பஞ்சமில்லை என்பது ஒன்று. மோட்டார் பிறப்பதற்கு முன்பே கனரக வாகனம் நகர்த்திப் பழகிய ஊர் இது என்பது மற்றொன்று. கார்த்திகை தீபத் திருவிழாவின் 7ஆம் நாளில் மாடவீதியைச் சுற்றும் ஐந்து தேர்களே அதற்குச் சான்று.

2. வரையறை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரகச் சரக்கு வாகனம். அண்ணாமலையாரின் பெரிய தேர் இந்த எல்லையை எளிதில் தாண்டும். ஆயினும் ‘இயந்திர விசையால் இயங்குவது’ என்று சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருப்பதால், வடம் பிடிப்பவர் எவரும் எல்எல்ஆர் போட வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் சான்றும் டிரைவிங் ஸ்கூல் சான்றும் வேண்டும். எல்எல்ஆர் கைக்கு வந்து 30 நாள் கழிய வேண்டும். இவ்வளவும் கூடிய ஒரு காலை வேளையில்தான் தோற்க முடியும். தோல்விக்கு இவ்வளவு தகுதி கேட்கும் துறை வேறு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

3. வினாத்தாள்

இத்தேர்வின் வினாத்தாள் 1989ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதியைப் பார்த்தால், என்னென்ன கேட்பார்கள் என்பது வரிசையாக இருக்கிறது. கிளம்பி டாப் கியர் வரை சீராகப் போவது, இறக்கத்தில் சட்டென்று கியரைக் குறைப்பது, ஏற்றத்தில் நிறுத்திவிட்டு ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது, குறுகிய இடைவெளிக்குள் பின்னோக்கிப் புகுவது, முன்னும் பின்னும் எடுத்து வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்புவது, இடப்புறம் ஒட்டிப் போவது என அது நீள்கிறது. கேள்விகளை முன்பே சொல்லிவிட்டுக் கேட்டும் ஆட்கள் தோற்பதே இவ்வாய்வைத் தூண்டிய புதிர்.

இவற்றுள் இடப்புறம் ஒட்டிச் செல்லும் பாடத்தில் திருவண்ணாமலைக்காரரை வெல்ல ஆளில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலையை ஒட்டிய வலப்புறம் சித்தர்கள் நடமாடும் வழி, மனிதர் இடப்புறமே நடக்க வேண்டும் என்பது இங்கே பால்குடி மறந்ததும் சொல்லிக் கொடுக்கும் செய்தி. அரசு 1989இல் இவ்விதியில் எழுதியதை இவ்வூர்ப் பாட்டிமார் அதற்கு முன்பே நடைமுறைப்படுத்திவிட்டனர். சிக்கல் தொடங்குவது ரிவர்ஸ் கியர் விழும் இடத்தில். கிரிவலத்தில் பின்னோக்கி வருவார் இல்லை. தேருக்கு ரிவர்ஸே இல்லை. கிரிவலப் பாதையிலுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலில் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளிவரும் பக்தருக்கும் தலைதான் முதலில் வருகிறது. கால் தானாகப் பின்தொடர்கிறது. லாரியிலோ வால் முதலில் நுழைய வேண்டும். வால் வலப்பக்கம் போகட்டும் என்று ஸ்டேரிங்கை வலப்பக்கம் ஒடித்தால், முகம் இடப்பக்கம் வீசிக்கொண்டு போய்க் கழியைத் தட்டும்.

4. தோற்றோர் வகைப்பாடு

தோற்றவரை அவரவர் சொல்லும் காரணத்தை வைத்துப் பகுப்பதே இத்துறையில் முறையாகும்.

வாகனவாதிகள்: ‘கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சுங்க, பவர் ஸ்டேரிங்கும் இல்ல’ என்பவர்கள். அதே வண்டியில் அடுத்து ஏறியவர் பாஸானது இவர்கள் கண்ணில் படுவதில்லை.

அதிகாரவாதிகள்: ‘பிரேக் இன்ஸ்பெக்டருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல’ என்பவர்கள். மோட்டார் வாகன ஆய்வாளரை நாடே இப்படித்தான் அழைக்கிறது; அவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

எண்வாதிகள்: இவர்களே ஆழமானவர்கள். எல்லாம் எட்டால் வந்த வினை என்பது இவர்கள் கொள்கை. மைதானத்தில் போடச் சொல்வது எட்டு. மலையைச் சுற்றி இருப்பவை எட்டு லிங்கங்கள். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு முன்பு கேட்ட படிப்பு எட்டாம் வகுப்பு, அதைக் கேட்டது 8ஆம் விதி. தேர்வு நடந்த நாளோ அஷ்டமி. இவ்வாதத்தை மறுப்பது எளிதல்ல எனினும் இரண்டு குறிப்புகள் சொல்லலாம். எட்டாம் வகுப்பு நிபந்தனையை 2019இல் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் கழிகள் சாய்கின்றன. 15ஆம் விதியில் எட்டு என்ற வடிவமே எங்கும் இல்லை.

5. ஆய்வாளரின் கொள்கை

மேற்கண்ட மூன்று பள்ளிகளும் தவறவிட்ட ஒருவர் இருக்கிறார். அவர் கிளீனர்.

ஹெவி லைசென்ஸுக்கு வருபவர் பலர் கிளீனராக இருந்தவர்கள். டயரைத் தட்டிப் பார்த்து, கண்ணாடி துடைத்து, தார்ப்பாய் கட்டி, ஆரணி அரிசி மண்டியில் மூட்டையோடு மூட்டையாகத் தூங்கி எழுந்தவர்கள். வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று, ‘வா… வா… வா… லெஃப்ட்ல ஒடி… வரட்டும்… போதும் போதும்!’ என்று பக்கவாட்டில் தட்டிக் குரல் கொடுத்தவர்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் கட்டையோடு ஓடிப் பின்சக்கரத்தில் வைத்தவர்கள். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் செய்வதும் இதே வேலைதான். தேரை இழுப்பவர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அது எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பது கீழே குனிந்து கட்டை போடும் சிலர் கையில் இருக்கிறது. கனரக வாகனத்தில் மேலே இருப்பவன் பெயர் வாங்குகிறான். கீழே நிற்பவன் ஓட்டுகிறான்.

தேர்வு நாளன்று இந்தக் கீழே நிற்பவன் இல்லை. 15ஆம் விதி ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கையும், ஆக்ஸிலேட்டரையும், கால் பிரேக்கையும் குறிப்பிடுகிறது, கட்டையைக் குறிப்பிடவில்லை. ரிவர்ஸில் ஓரளவு துல்லியம் வேண்டும் என்கிறது; ‘வா வா’ சொல்ல ஆள் உண்டு என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, ரோட்டில் ஓட்டிக் காட்டும்போது கிளீனர் சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டரே ஏறி உட்காருகிறார். அவர் குரல் கொடுப்பதில்லை, பேனாவைத்தான் திறக்கிறார். ஆண்டுக்கணக்கில் இன்னொருவருக்குக் கண்ணாக இருந்தவன், தன் முறை வரும்போது தனக்குக் கண்ணில்லாமல் விழிக்கிறான். ஹெவி லைசென்ஸ் தேர்வு என்பது கிளீனர் இல்லாமல் ஓட்டும் தேர்வு. இதுவே இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு.

இது அநியாயம் அல்லவா என்று கேட்கலாம். அல்ல. கிளீனர் வேலைக்கு ஆள் கிடைப்பதும் சம்பளம் கட்டுப்படியாவதும் அரிதாகிவிட்ட காலம் இது. டிரைவர் ஒருவரே ராத்திரியெல்லாம் ஓட்டிப் போய், விடிகாலையில் சந்துக்குள் தானே பின்னால் எடுத்து லோடு இறக்குகிறார். தேர்வு கேட்கும் தனிமையை நெடுஞ்சாலை முன்பே கொடுத்துவிட்டது.

6. மறுதேர்வுத் தயாரிப்பு

சட்டத்தின் 9ஆம் பிரிவு தோற்றவரை 7 நாள் கழித்து மறுபடி வரச் சொல்கிறது. கொடியேறிய 7ஆம் நாள் தேர் புறப்படும் ஊரில் இக்கெடு வியப்பளிக்காது. 7ஆம் நாளா, 7 நாள் கழிந்த மறுநாளா என்று உரையாசிரியர் சண்டையிட்டால் விடை எட்டாக வந்துவிடும், எண்வாதிகள் மகிழ்வார்கள். மூன்று முறையும் தவறியவருக்கு 60 நாள் காத்திருப்பு. 2019 திருத்தத்தின்படி கூடவே குறைதீர் பயிற்சியும் உண்டு.

இந்த ஏழு நாளைச் செலவிடும் முறையில்தான் தேர்ச்சி இருக்கிறது. சிலர் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வாங்குகிறார்கள். அதில் பிழையில்லை, ஆனால் பழம் நசுங்குவது வண்டி முன்னால் போகும்போது. சிலர் புரோக்கரைத் தேடுகிறார்கள். புரோக்கர் கழியை நகர்த்தலாம். சந்துக்குள் இருக்கும் சுவரை நகர்த்த மாட்டார்.

ஆய்வு பரிந்துரைப்பது வேறு. ஸ்கூல் மாஸ்டரை உடன் வைத்துக்கொண்டு, ‘வாயைத் திறக்காதீங்க சார்’ என்று கேட்டுக்கொண்டு, இரண்டு கண்ணாடிகளை மட்டும் நம்பி ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கழி கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும், ஊகிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் முன்னால் எடுத்து நேராக்கிக்கொள்வதில் வெட்கமில்லை. ஏற்றத்தில் ஆஃப் கிளட்சில் இஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னால் இழுக்கும் வரை ஹேண்ட் பிரேக்கை விடக் கூடாது. ஏர் பிரேக் வண்டியானால், காற்று முழுக்க ஏறும் முன் நகரக் கூடாது. இறக்கத்தில் கியரைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று விளங்காதவர், போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் போய் லோடோடு இறங்கும் டிரைவர் ஒருவரிடம் கேட்கலாம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும் என்பதை அவர் இரண்டே வார்த்தையில் சொல்வார். அவ்வார்த்தைகள் ஆய்வேட்டில் அச்சிடத் தக்கவை அல்ல.

7. முடிவுரை

தோல்விக்குக் காரணம் வண்டியும் அல்ல, பிரேக் இன்ஸ்பெக்டரும் அல்ல, அஷ்டமியும் அல்ல என்பது நிறுவப்பட்டது. அடுத்த வாரம் மறுதேர்வுக்குப் போகும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் தொடாதீர்கள், முதலில் கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். 15ஆம் விதியின் பட்டியலில் முதலாவதாக இருப்பதே அதுதான்.