கப்பியின் வாய்: பசிக் கொள்கையும் மூச்சுக் கொள்கையும்

கப்பி மீன் ஓயாமல் வாயைத் திறந்து மூடுவது எதற்காக என்பதில் நம் இல்லங்களில் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. பசிக்காக என்பது பாட்டிமார் தரப்பு. மூச்சுக்காக என்பது பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பேரப்பிள்ளைகள் தரப்பு. இரு தரப்பையும் நடுநிலையோடு ஆராயப் புகும் இக்கட்டுரை, அந்த நடுநிலையை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆய்வுப்பொருளின் பூர்வீகம் டிரினிடாடும் வெனிசுவேலாவும் அவற்றைச் சுற்றிய பகுதிகளும். 1859இல் ஜெர்மானிய அறிஞர் பீட்டர்ஸ் இதற்கு முதலில் பெயர் வைத்தார். அது தெரியாமல் 1866இல் லண்டனில் குந்தர், டிரினிடாடிலிருந்து மீனை அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பியின் பெயரைச் சூட்டினார். முந்தி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் அறிவியல் பெயரிலிருந்து கப்பி பின்னர் நீக்கப்பட்டார். ஊர்வாயில் மட்டும் தங்கிவிட்டார். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைவீதியில் நின்று இதையெல்லாம் யோசித்தால் பேரம் படியாது.

இனி சான்றுகள். மீன் வாய்வழியே தண்ணீரை இழுத்துச் செவுள்வழியே வெளியேற்றும். அதுதான் அதன் மூச்சு. மூச்சுக் கொள்கைக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. ஆனாலும் டிவி பக்கத்துத் தொட்டியின் முன் நடந்த பின்வரும் விவாதத்தில் அது எடுபடவில்லை:

“பாவம்டா, வாயை வாயைத் திறக்குது.”

“இப்பதான் போட்டேன் பாட்டி.”

“நீ போட்டது உன் கணக்கு. அது வயித்துக்குத் தெரியுமா?”

“கப்பிக்கு இரைப்பையே கிடையாது பாட்டி. வெறும் குடல்தான்.”

“வயிறுகூட இல்லையா!” என்று பாட்டி இன்னொரு சிட்டிகை போட்டார்.

பசிக் கொள்கையினரின் இரண்டாவது ஆதாரம் பிரசவம். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஆணின் விந்தைப் பெண் மீன் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்வதால், தனியாக வாங்கிவந்த பெண் மீனும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை பிரசவிக்கும். குடும்ப கௌரவம் பற்றிய ஐயங்களை இது அவ்வப்போது கிளப்பியதுண்டு. மற்றபடி யாரையும் சீண்டாத சாது. பிறந்த குட்டிகள் பாசிக்கொத்துக்குள் ஒளியாவிட்டால் மட்டும் விழுங்கிவிடும். வயிறார உண்ட மீனும் இதைச் செய்யும். “பெத்த பிள்ளையையே திங்குதுன்னா எவ்வளவு பசி இருக்கணும்!” என்பது பாட்டியின் உரை. மறுப்புரை எழுத யாருக்கும் துணிவில்லை.

ஆய்வின் சிக்கலான பகுதி இதுதான். நடைப்பயிற்சிக்கு முன் அப்பா தீனி போடுகிறார். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் சிறுமி போடுகிறாள். சமையலுக்கு வரும் அக்கா, யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று தானும் போடுகிறார். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மிஞ்சிய தீனி அடியில் அழுகி அம்மோனியா ஆகிறது. அதை மெல்ல மெல்ல நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் பெரும்பாலும் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வேரூன்றவே ஒரு மாதம் ஆகும். அந்த ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். அதைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பளிச்சென்று தேய்த்துக் கொடுக்கும் சுத்தக்காரர்களை எதிர்த்து எந்த பாக்டீரியாவும் ஜெயித்ததில்லை.

அழுகல் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயை இன்னும் வேகமாகத் திறக்கும். கூடத்தில் ஒரே குரல்: “ஐயோ, பசி தாங்காம மேலயே வந்துடுச்சு!” மறுபடி தீனி விழும். மூச்சுக் கொள்கையினர் சொல்வது உண்மை. நடைமுறையில் இருப்பது பசிக் கொள்கை.

பேரன் முன்வைத்த தீர்வு: ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரே கை, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம் (மெட்ரோ தண்ணீரின் குளோரினை முறித்த பிறகு), வாரத்தில் ஒரு நாள் பட்டினி. பட்டினி என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டி வெளிநடப்பு செய்தார். அதையே ஏகாதசி விரதம் என்று திருத்தி வைத்ததும், மாதம் இரண்டு நாளுக்கு ஒப்புதல் கிடைத்தது. இப்போது துவாதசிப் பாரணைக்குத் தொட்டியில் அகத்திக்கீரை போடலாமா என்று கேட்கிறார். வேகவைத்த கீரையைக் கப்பி கொறிக்கும் என்பதால், மூச்சுக் கொள்கையினரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.