மாப்ளே, பிஸ்த்ரோவுக்குப் போறியாமே!

மாப்ளே, பாரிஸுக்குப் போறியாம். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு மாமனுக்குக் கடைசியிலே சொல்றே. இருக்கட்டும். ஐஃபெல் கோபுரம் பார்க்க என் யோசனை உனக்கு வேண்டாம், அண்ணாந்தா தெரியும். ஆனா அங்கே பிஸ்த்ரோன்னு சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைங்க இருக்கு பாரு, அதிலே உக்காந்து எழுந்திருக்க ஒரு பக்குவம் வேணும். மகன் வீட்டிலே தங்கி அந்தக் கடைங்களைப் பார்த்த காரைக்கால்காரன் சொல்றேன், கேட்டுக்கோ. கேக்காட்டியும் நஷ்டம் எனக்கில்லை.

முதல்லே, பசிச்சா போயிடாதே. அங்கே வயிறு கடிகாரத்தைப் பார்த்துத்தான் பசிக்கணும். மத்தியானம் 12லேருந்து 2 வரைக்கும், ராத்திரி 7.30க்கு மேலே. நாலு மணிக்குப் போய் நின்னா அடுப்பே எரியாது. நேரங்கெட்ட நேரத்திலே பசிக்கிற பெரிய மனுஷங்களுக்குன்னு நாள் பூரா திறந்திருக்கிற பிரஸ்ஸரிங்க இருக்கு. நீ பெரிய மனுஷன்தானே, அங்கே போ.

உள்ளே நுழைஞ்சதும் 'பொன்ஜூர்' சொல்லணும். வணக்கம் சொல்லாம 'என்ன இருக்கு'ன்னு ஆரம்பிச்சியோ, அன்னிக்கு உனக்கு எதுவும் இல்லை. காலியா இருக்கிற மேசையிலே நீயாப் போய் உக்காராதே. சர்வர் காட்டற இடத்திலே உக்காரு. 'பாய்'னு கையைத் தட்டிக் கூப்பிடற வழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வெச்சுடு. அங்கே அவர் 'முசியே', ஐயான்னு அர்த்தம்.

இடவசதிக்குக் குறைச்சலே இல்லை. உன் முட்டிக்கும் பக்கத்து மேசைக்காரர் முட்டிக்கும் நடுவிலே ஒரு அப்பளம் தாராளமா நுழையும். சுவரோர பெஞ்சுன்னா சர்வர் மேசையை வெளியே இழுப்பார். நீ உள்ளே போனதும் திரும்பத் தள்ளி அடைச்சிடுவார். ஆகவே கழிப்பறை வேலையை முன்னாடியே முடிச்சுக்கோ. ஃபோன்லே நம்ம சொத்துத் தகராறைச் சத்தமா பேசாதே. எதிர் மேசைக்காரிக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனா அடுப்படியிலே இருக்கிறவருக்குத் தெரியலாம். பாரிஸ் சமையலறைங்க பலதிலே யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, வாணலி பிடிச்சு நிமிர்ந்திருக்காங்க. அதனாலே தமிழ்லே கடையைத் திட்டறதா இருந்தா, தட்டு கைக்கு வந்த பிறகு திட்டு.

சாப்பாட்டுப் பட்டியல் கரும்பலகையிலே சாக்பீஸாலே எழுதியிருக்கும். ஏழெட்டு ஐட்டம்தான். 'வேற என்ன இருக்கு'ன்னு கேக்காதே. 'காரம் தூக்கலா, வெங்காயம் தனியா'ன்னு கதாகாலட்சேபம் பண்ணாதே. கடைக்காரன் பாட்டன் வெச்ச பக்குவத்தை நீ திருத்தப் போறியா?

முட்டை மயோனேஸிலே ஆரம்பி. அவிச்ச முட்டை, மேலே மயோனேஸ், அவ்வளவுதான். இதைக் காப்பாத்த 1990லே ஒரு சங்கமே வெச்சாங்க. சிரிக்காதே, பழைய சோத்தைக் காப்பாத்த நீ என்ன சங்கம் வெச்சே? அடுத்தது நத்தை. பூண்டு, பார்ஸ்லி, வெண்ணெய் போட்டு ஓட்டோட சுட்டு வரும். இடுக்கியாலே பிடிச்சு, ரெட்டைப் பல் முள்கரண்டியாலே இழுக்கணும். வயல்லே நத்தை பொறுக்கித் தின்னவங்களைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்ச ஆளு நீ. அங்கே அரை டஜனுக்கு யூரோவைக் கொட்டி, போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவே. எனக்கும் அனுப்பு, சந்தோஷமாப் பார்க்கறேன்.

மாட்டுக்கறி கேட்டா எவ்வளவு வேகணும்னு கேப்பார். 'நல்லா வேகட்டும்'னு சொன்னா சர்வர் ஒண்ணும் சொல்லமாட்டார். உன்னைப் பத்தி அவருக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. தார்த்தார்னு கேட்டுடாதே, அடுப்பையே பார்க்காத பச்சைக் கறி. அந்துய்யெத்னு ஒண்ணு இருக்கு, பன்றிக் குடலைப் பன்றிக் குடலுக்குள்ளேயே அடைச்சது. அதுக்கும் ரசிகர் சங்கம் உண்டு. நல்லா செய்யறவங்களுக்கு அஞ்சு 'ஏ' போட்டு சான்றிதழ் கொடுப்பாங்க. தட்டு வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடும். கூட வர்ற மச்சான்கிட்டே ஏதாவது பழைய கணக்கு இருந்தா அவனுக்கு அதைச் சொல்லு. உனக்கு வாத்துக்கால் கோன்ஃபி போதும்; தன் கொழுப்பிலேயே மெதுவா வெந்தது. உனக்கும் கொழுப்புக்கும் ஒத்துப்போகும்.

தண்ணின்னு பொதுவாக் கேட்டா காசு பாட்டில் வந்துடும். 'கராஃப்'லே, அதாவது கண்ணாடிக் கூஜாவிலே கேளு. சாப்பாட்டோட குழாய்த் தண்ணியும் ரொட்டியும் சும்மா தரணும்னு அங்கே விதி. ரொட்டிக்குத் தனித் தட்டு வராது, மேசைமேலேயே வெச்சுக்கணும். சும்மா வருதேன்னு இளக்காரமா நினைக்காதே. 2023லே பாரிஸிலேயே சிறந்த பாகெத் ரொட்டின்னு பரிசு வாங்கினவர், இலங்கையிலேருந்து போன தர்ஷன் செல்வராஜா. ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருஷம் ரொட்டி கொடுக்கற மரியாதையும் அந்தப் பரிசோடதான் வரும்.

சாப்பிட்டு முடிச்சா சீஸ், அதுக்கப்புறம் இனிப்பு, அதுக்கும் அப்புறம்தான் காப்பி. காப்பியையும் இனிப்பையும் சேர்த்துக் கொண்டாரச் சொன்னா ரெண்டு தடவை கேப்பார், காது கேக்காம இல்லை.

இப்போதான் உனக்கு உண்மையான சோதனை. பில் வராது. பத்து நிமிஷம் ஆகும், வராது. சர்வர் உன்னைத் தாண்டிப் போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். மதிக்கலையேன்னு முறைக்காதே. நீ கேக்காம பில்லை நீட்டினா 'எழுந்து போ'ன்னு அர்த்தம். அது அவங்களுக்கு அவமரியாதை. இலையை மூடறதுக்குள்ளே பின்னாடி ஒருத்தன் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மெஸ்ஸிலே தின்னு வளர்ந்தவனுக்கு இது புரிய நாளாகும். காசு கொடுக்கறதாலே நீ முதலாளி ஆகலை மாப்ளே. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அவங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளின்னா சொன்ன இடத்திலே உக்காரணும், போட்டதைத் தின்னணும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் வீட்டிலே எப்படி இருந்தியோ அப்படி இரு, போதும்.

பில் வந்ததும் டிப்ஸ் எவ்வளவுன்னு தவிக்காதே. சர்வீஸ் காசு விலையிலேயே அடங்கணும்னு 1987லேருந்து சட்டம். தாராளமா வெச்சா அமெரிக்காக்காரன்னு நினைப்பாங்க. ரெண்டு சில்லறை வெச்சா விவரம் தெரிஞ்சவன்னு நினைப்பாங்க. ஒண்ணுமே வைக்காம எழுந்து வந்தா உள்ளூர்க்காரன்னே நினைப்பாங்க. உன் கையிருப்பும் குணமும் எனக்குத் தெரியும் மாப்ளே, நீ அங்கே போனா அசல் பாரிஸ்காரன்தான்.