மாதக் கடைசி இணையமும் மருதத் திணையும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மாத டேட்டா தீர்ந்ததும் வீட்டு இணையத்தின் வேகம் விழுந்துவிடுவதை இதுவரை தொழில்நுட்பச் சங்கதியாகவே கருதி வந்துள்ளனர். அது அகப்பொருளைச் சேர்ந்தது, அதிலும் மருதத் திணைக்கே உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலம்

மருதமாவது வயலும் வயல் சார்ந்த இடமும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. சிட்லபாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என எங்கு திரும்பினும் ஏரி. ஏரி உண்டெனில் பாசனம் உண்டு. பாசனம் உண்டெனில் வயல் உண்டு. வயலைப் பிளாட் போட்டு விற்றுவிட்டதால் திணை மாறிவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலமே அதை வீட்டுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. மருதத்தின் விலங்கான எருமையை இன்றும் சாலை நடுவே காணலாம்.

பொழுது

மருதத்தின் சிறுபொழுது வைகறை. இரவு 2 மணிக்குத் தொடங்குவது. பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டா ஒன் சேவையைக் கொண்டுவந்தது. அதன் சில திட்டங்களில் இரவு 2 முதல் காலை 8 வரை இறக்கியது கணக்கில் சேரவில்லை. இலக்கணம் அறிந்த அதிகாரி யாரோ அங்கே இருந்திருக்க வேண்டும்.

விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்றது 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை. அந்த வேகத்தில் ஆறு மணி நேரம் ஓடினால் இறங்குவது 691 எம்.பி. ஒரு சி.டி.யின் கொள்ளளவோ 700 எம்.பி. ஆக, ஒரு விடியலுக்கு ஒரு படம், கடைசி இரண்டு நிமிடம் நீங்கலாக. அந்த இரண்டு நிமிடத்துக்காக எட்டு மணி தாண்டியும் ஓடவிட்ட வீடுகளில், அப்பா பில்லைப் பிரித்த அன்று உரிப்பொருள் தோன்றிற்று.

பெரும்பொழுதைப் பொறுத்தவரை மருதத்துக்கு ஆறு பருவமும் உரியவை. தேதி மட்டும் இருபதுக்கு மேல்.

உரிப்பொருள்

ஊடல். தலைவன் நிறுவனம், தலைவி சந்தாதாரர். இணைப்புக் கொடுக்கும் வரை வாசலிலேயே நின்றவன், கொடுத்த பின் புதுச் சந்தாதாரர் தெருவுக்குப் போய்விடுகிறான். இலவச மோடமும் மூன்று மாதச் சலுகையும் அங்கேதான். அவனுக்காகப் பரிந்து பேசும் பாணன் இப்போது கால் சென்டரில் இருக்கிறான். காத்திருக்கையில் யாழிசை உண்டு. அதன்பின் பாட்டு ஒன்றே: "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." தலைவி போனை வைத்துவிட்டால் அது 'வாயில் மறுத்தல்' என்னும் துறை. வைஃபை பாஸ்வேர்டு தரும் எதிர்வீட்டு அக்கா தோழி.

இங்கே ஒரு சிக்கல். பழைய தலைவன் என்றாவது வாசலுக்கு வருவான், நேரிலேயே ஊடலாம். இவன் வருவதே இல்லை. ஆகவே ஊடல் வீட்டுக்குள் திரும்புகிறது.

"ராத்திரி பூரா கேம் ஆடினா நெட்டு எப்படிடா இருக்கும்?"

"நீ மட்டும் சீரியலை ஹெச்.டி.ல பாக்கலயாம்மா?"

டேட்டாவை அளந்து கொடுத்தவன் வெளியே நிம்மதியாக இருக்க, தின்றவர் யார் என்ற விசாரணை கூடத்தில் நடக்கிறது. இதுவே ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 அக்டோபரிலேயே, 50, 90, 100 விழுக்காடு தீர்ந்ததும் சந்தாதாரருக்குத் தகவல் தரவேண்டும், தீர்ந்த பின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று பணித்துவிட்டதே என்பர். தகவல் போவது அப்பாவின் எண்ணுக்கு. அவர் அந்நேரம் பீச் - தாம்பரம் வண்டியில் நின்றபடி தூங்கிக்கொண்டிருப்பார். 512 கிலோபிட்டில் ஒரு ஜி.பி. இறங்க நாலேகால் மணிக்கு மேலாகும். நான்கு மணி நேரமே உள்ள வைகறை அதற்குப் போதாது.

இக்காலத்தில் பல திட்டங்களின் வரம்பு 3,300 ஜி.பி. ஹெச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. குடித்தாலும், மாதம் முழுக்கக் கண் இமைக்காமல் பார்ப்பவருக்கு 2,160 ஜி.பி.தானே ஆகும் என்பாரும் உளர். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 100 எம்.பி.பி.எஸ். என்று சொன்ன வேகம் சொன்னபடியே இடைவிடாமல் வந்தால் அந்த வரம்பு 73 மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான்காம் நாளே தீர்ந்தது என்று முறையிட்ட ஒருவரையும் ஆய்வாளர் கண்டதில்லை. வரம்பு தீராததற்கு வரம்பின் பெருமை காரணமா, வேகத்தின் அடக்கம் காரணமா என்பது தனியே ஆராயத்தக்கது.

முடிவுரை

பில் தேதி பிறந்ததும் வேகம் திரும்புகிறது, ஊடல் தணிகிறது, யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. பரிந்துரை ஒன்றே: நிறுவனத்திடம் பதிவு செய்துள்ள எண்ணை மாற்றி, வீட்டில் அதிகம் கோபப்படுபவரின் எண்ணைக் கொடுக்கவும். 90 விழுக்காட்டுத் தகவல் அவர் கைக்கு வந்தால், ஊடல் முதன்முறையாக உரிய தலைவனைப் போய்ச் சேரும்.