நாலு சக்கரமும் இழுக்கணுமாம் மாப்பிள்ளைக்கு!

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. மொதல்ல மோரைக் குடி. சின்னதா, சிம்பிளா, கைக்கு அடக்கமான விலையில, நாலு சக்கரமும் இழுக்கிற டிரக்கு ஒண்ணு புதுசா வேணும்னு சித்தூர்ல ஒரு ஷோரூம் விடாம ஏறி இறங்கினியாமே? அத்தை சொன்னா. வெறுங்கையோட திரும்பினதையும் அவதான் சொன்னா. சிரிக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன், முடியல.

நம்ம காணிப்பாக்கத்துப் பிள்ளையாரு கிணத்துக்குள்ள உக்காந்துகிட்டே வருஷா வருஷம் வளர்றாருன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தக் காலத்துல அளவெடுத்துச் செஞ்சு போட்ட வெள்ளிக் கவசம் இப்ப அவருக்குப் பத்தலையாம். வண்டி கம்பெனிக்காரன் அவரைப் பாத்துதான் தொழில் கத்துக்கிட்டான் போல. சாமி வளர்ந்தா நமக்குப் புண்ணியம். வண்டி வளர்ந்தா நமக்குத் தவணை.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஐராலா ரோட்டுல இருந்து உன் மாந்தோப்புக்குள்ள போற பாதை செம்மண்ணு. ஒரு மழை பேஞ்சா வழவழன்னு ஆயிடும். ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டி அதுல மாட்டுனா என்ன ஆகும்னு கீழ குனிஞ்சு பாத்திருக்கியா? பின்னாடி ரெண்டு சக்கரத்துல ஒண்ணு சேத்துல நிக்கும், ஒண்ணு கெட்டித் தரையில நிக்கும். நடுவில இருக்கிற டிஃபரன்ஷியல் இருக்கே, அது உழைக்கிறவனை விட்டுட்டு வழுக்குறவனுக்கே எல்லாத்தையும் குடுக்கும். சேத்துல நிக்கிற சக்கரம் கிர்ர்ருனு சுத்தும், கெட்டித் தரையில நிக்கிறது சும்மா வேடிக்கை பாக்கும். நீ ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். முன்சக்கரமும் சேந்து இழுத்தா வண்டி மெதுவா ஏறி வந்துடும். அதனால நீ கேக்குறது நியாயந்தான். நியாயமானது கிடைக்கும்னு உனக்கு எவன் சொன்னான்?

ஒரு காலத்துல கிடைச்சுது. 1947லயே பம்பாயில மகிந்திரா கம்பெனி அமெரிக்காக்காரனோட வில்லீஸ் ஜீப்பைப் பார்ட்டு பார்ட்டா இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சுது. அப்புறம் இங்கயே செஞ்சாங்க. கியர் ராடுக்குப் பக்கத்துல ரெண்டு குட்டி ராடு இருக்கும். ஒண்ணைத் தள்ளுனா முன்சக்கரம் சேரும், இன்னொண்ணைத் தள்ளுனா வேகம் கொறஞ்சு இழுவை கூடும். அவ்வளவுதான் சங்கதி. கதவு கிடையாது, கூரைக்குப் படுதா. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச எந்தப் பையனும் புளியமரத்தடியில பிரிச்சு மாட்டிடுவான். இன்னிக்கும் போடி பக்கம் போனீன்னா, மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலியாளுங்களை ஏத்திக்கிட்டுப் பழைய மகிந்திரா ஜீப்புங்க வெள்ளன ஏறிப் போறதைப் பாக்கலாம்.

1985 கடைசில மாருதி ஜிப்ஸி வந்துது. பெட்ரோல் வண்டி, எடை கம்மி, ஆடு மாதிரி ஏறும். பட்டாளம், போலீசு, காட்டிலாகா எல்லாம் அதுலதான் திரிஞ்சாங்க. 2019ல பொது ஜனத்துக்கு விக்கிறதை நிறுத்திட்டாங்க. ஏன்னு கேளு. அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து எல்லாக் காருக்கும் ஏபிஎஸ் பிரேக்கு கட்டாயம். ஜூலையில இருந்து டிரைவருக்கு ஏர்பேக்கு கட்டாயம். அக்டோபர்ல இருந்து, சுவத்துல மோத விட்டுச் சோதிக்கிற பரிட்சையைப் பழைய மாடலும் பாஸ் பண்ணியாகணும். அடுத்த ஏப்ரல்ல புகைக்கு பிஎஸ்-6. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே சட்டையில திரிஞ்ச கிழவனை இத்தனை பரிட்சைக்கு உக்கார வெச்சா என்ன பண்ணுவான்? எழுந்து போயிட்டான்.

உடனே சட்டத்தைத் திட்டாதே. அந்தக் கால ஜீப்புல பதினஞ்சு பேரைத் திணிச்சு, நாலு பேரைப் பின்னாடி தொங்க விட்டு, கல்யாணத்துக்குப் போய் பல்லு ஒடஞ்சு வந்தவங்க நம்ம ஊருலயே இருக்காங்க. ஏர்பேக்கு வேணும்தான். ஆனா அதுக்கு ஆகுற செலவு லட்சம் வண்டி விக்கிறவனுக்குக் கடுகு, ரெண்டாயிரம் வண்டி விக்கிறவனுக்கு மலை. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியா சோதனை, தனித்தனியா சர்டிபிகேட்டு. கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுப் பாத்தான். மாந்தோப்புக்காரன் ஒருத்தனுக்காக எதுக்கு இந்த வம்புன்னு விட்டுட்டான்.

இப்ப வரிக்கு வரேன். மோரை வெச்சுட்டு கவனமாக் கேளு.

நம்ம நாட்டுல 'சின்னக் கார்'னா 4 மீட்டருக்கு உள்ள இருக்கணும். இன்ஜினு பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி, அதைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோட்டைத் தாண்டினா 40. இப்ப மகிந்திராவோட தார் வண்டியைப் பாரு. மூணு கதவுத் தாரு 3,985 மில்லிமீட்டர் நீளம். கோட்டுக்குப் பதினஞ்சு மில்லிமீட்டர் உள்ள நிக்குது, தற்செயல்னா நினைக்கிற? அதுல 1500 சிசி டீசல் இன்ஜினு ஒண்ணை 2023 ஜனவரியில விட்டாங்க, ஆரம்ப விலை 9.99 லட்சம். ஆனா அதுல பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்! நாலும் இழுக்கணும்னா 2 லிட்டர் பெட்ரோலு, இல்ல 2.2 லிட்டர் டீசலு. பாடி அதே பாடி, நீளம் அதே நீளம், வரி மட்டும் 40. நாலு சக்கரம் இழுக்குதேன்னு சர்க்கார் வரி போடல மாப்ளே, அது தப்பு. நாலையும் இழுக்குற அளவு பெரிய இன்ஜினைக் கம்பெனிக்காரன் வெச்சான், அந்த இன்ஜினுக்கு வரி விழுது. அவனைக் கேட்டா சர்க்காரைக் காட்டுவான், சர்க்காரைக் கேட்டா அவனைக் காட்டும்.

ஜிப்ஸிக்குப் பேரப்புள்ளையா 2023 ஜூன்ல ஜிம்னி வந்துதே, அதுக்கும் அதே தலைவிதி. நீளம் இதுவும் 3,985தான். ஆனா பெட்ரோல் இன்ஜினு 1,462 சிசி. வந்தப்ப ஆரம்ப விலையே 12.74 லட்சம். நம்மாளு விலையைக் கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான். அதே வண்டியைக் கப்பல்ல ஏத்தி 2025 ஜனவரி கடைசில ஜப்பான்ல விட்டாங்க. நாலே நாள்ல ஏறத்தாழ 50,000 பேரு புக் பண்ணிட்டாங்க. போதும் சாமின்னு கம்பெனியே புக்கிங்கை மூடிடுச்சு.

அந்த ஜப்பான்காரன்தான் உன் கனவு வண்டியையும் வெச்சிருக்கான். 660 சிசி இன்ஜினு, 3.4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்கும் கம்மியான அகலம், பின்னாடி தட்டையா தொட்டி, நாலு சக்கரமும் இழுக்கும். வயக்காட்டு வரப்புல நெல்லுமூட்டை ஏத்திக்கிட்டுப் போவான். சுசுகியே கேரின்னு ஒண்ணு அங்க விக்குது. இங்க அதே சுசுகியோட மாருதி, 2016ல இருந்து சூப்பர் கேரின்னு விக்குது. பேருலதான் சூப்பரு, முன்சக்கரம் இழுக்காது. நம்ம குட்டி யானை வண்டியும் அப்படித்தான், 2005ல பொறந்த நாள்ல இருந்து பின்னங்கால்லயே நடக்குது. பிள்ளையார் ஊருல ஓடுற யானைன்னாலும் சலுகை கிடையாது.

அமெரிக்காக்காரன் மட்டும் நல்லா இருக்கானான்னு கேட்டீன்னா, அவன் கதை இன்னும் தமாஷு. 1960கள்ல ஐரோப்பாக்காரன் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டான். பதிலுக்கு 1964ல இவன் வெளிநாட்டுச் சின்ன டிரக்குக்கு 25 சதவீதம் வரி போட்டான். கோழி போயிடுச்சு, வரி அறுபது வருஷமா நிக்குது. நம்ம ஆந்திராவுல சங்கராந்திக்கு சேவல் சண்டை விட்டாக்கூட மூணு நாள்ல முடிஞ்சிடும்!

சரி, நம்ம வாசலுக்கு வா. தடா பக்கத்துல ஸ்ரீசிட்டி இருக்கே, அங்க 2016 ஏப்ரல்ல இசுசு கம்பெனி ஃபேக்டரி தெறந்துது. அப்ப அது நம்ம சித்தூர் ஜில்லா, இப்பதான் திருப்பதி ஜில்லா. அங்க செய்யுற வி-கிராஸ் நாலு சக்கரமும் இழுக்கும், தொட்டியும் இருக்கு. நீ கேட்டது நம்ம மண்ணுலயே தயாராகுது, சந்தோஷமா? நீளம் 5.3 மீட்டரு. உன் தோப்புக்குள்ள விட்டா, திரும்புறதுக்கு ரெண்டு மாமரத்தை வெட்டணும். விலை? 20 லட்சத்துக்கு மேல. 2025 சீசன்ல உன் தோத்தாபுரி மாங்காவுக்குச் சொன்ன விலை என்ன? மாங்கூழ் ஃபேக்டரி 8 ரூபா, சர்க்கார் 4 ரூபா, கிலோ 12. அந்தச் சொன்ன விலையே முழுசா கைக்கு வந்துச்சுன்னு வெச்சுக்க. 20 லட்சத்துக்கு நூத்தி அறுபது டன்னுக்கு மேல மாங்கா கொட்டணும். அவ்வளவு மாங்கா இருந்தா நீ எதுக்கு டிரக்கு வாங்குற? லாரி வாடகைக்கு எடுத்துட்டு நீ கட்டில்ல படுத்திருப்ப.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நம்ம காணிப்பாக்கம் கோயில்ல பொய் சத்தியம் பண்ண எவனுக்கும் தைரியம் வராது. குளத்துல முங்கி, ஈரத் துணியோட சாமி முன்னாடி நின்னா, திருடனும் உண்மையைச் சொல்லிடுவான். நீயும் முங்கிட்டு வந்து சொல்லு: 'எனக்கு ஏசி வேண்டாம், பெரிய டிவி ஸ்கிரீனு வேண்டாம், அலாய் வீலு வேண்டாம், நாலு சக்கர இழுவை மட்டும் போதும்.' சொல்லுவியா? 2020 அக்டோபர்ல புதுத் தார் வந்தப்ப 9.80 லட்சத்துக்கு ஒரு மொட்டை மாடல் இருந்துது. நாலு சக்கர இழுவை அதுலயும் உண்டு. ஒரு மாசம் முழுசா ஆகுறதுக்குள்ள பட்டியல்ல இருந்து அதைத் தூக்கிட்டாங்க. ஊரே அழுதுச்சா? எவனும் மூச்சு விடல. அத்தனை பேரும் மேல்மாடல்தான் கேட்டாங்க.

வாகன பூஜைக்குக் கோயிலுக்கு வர்ற தார் வண்டிங்களைப் பாரு. எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறப்ப டயரைக் குனிஞ்சு பாரு, ஓரத்துல ரப்பர் மயிரு அப்படியே துருத்திக்கிட்டு நிக்கும். அடுத்த வருஷம் அதே வண்டி வந்தா சேறு பட்ட அடையாளம் இருக்காது. அதுல பாதி வண்டிக்கு முன்சக்கரத்துக்கு ஷாஃப்டே கிடையாது, சொந்தக்காரனுக்கே தெரியுமோ தெரியாதோ. கம்பெனிக்காரன் முட்டாளா? பாக்குறதுக்கு மலையேறி மாதிரி இருந்தா போதும்னு நாமளே காசு குடுத்துச் சொல்லிட்டோம். உன்னை மாதிரி நெசமா சேத்துல போறவன் ஷோரூம் பக்கமே போக மாட்டான், பழைய ஜீப்பைத் தேடி மெக்கானிக்கு ஷெட்டுக்குப் போவான். அதனால கம்பெனி கணக்குல அவன் பேரே ஏறல.

இன்னொரு ரகசியம் சொல்லவா? நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டியை இந்த நாட்டுல தாராளமா விக்கிறாங்க. பேரு டிரக்கு இல்ல, மினி டிராக்டரு. மகிந்திரா ஜிவோ 24 குதிரைச் சக்தி, நாலு சக்கர இழுவை. டிராக்டர் ஜிஎஸ்டி 12ல இருந்து 5க்கு எறங்கியிருக்கு. பின்னாடி ஒரு டிரெய்லரை மாட்டுனா மாங்காவும் வரும், எருவும் போகும், மாமரத்துக்கு நடுவில உழவும் ஓட்டலாம். ஆனா அதுல ஏறி மாமியார் வீட்டுக்குப் போனா கௌரவக் குறைச்சல்னு நீ சொல்லுவ. பாத்தியா, சத்தியம் பண்ணாமலேயே உண்மை வெளிய வந்துடுச்சு.

சரி, கேலி போதும். டிரக்குதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறதா இருந்தா, பொலேரோ கேம்பர்ல நாலு சக்கர மாடல் ஒண்ணு உண்டு. பத்து லட்சத்தை ஒட்டி வரும். அஞ்சு பேரு உக்காரலாம், பின்னாடி தொட்டி இருக்கு. சரக்கு வண்டிக் கணக்குல வர்றதால ஜிஎஸ்டி 18தான், ஆனா மஞ்சள் போர்டும், மொத எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி.யும் தலைமேல விழும். ஷோரூம்ல கண்ணுக்குத் தெரியிற மாதிரி நிக்காது. பையன் 'சார், அது வராது சார், இதைப் பாருங்க'ன்னு சன்ரூஃப் வண்டி பக்கம் இழுப்பான். நீ அசையாதே. மாடல் பேரு, விலை, டெலிவரி தேதி, மூணையும் லெட்டர்பேடுல எழுதி சீல் போட்டுக் குடுக்கச் சொல்லு. எழுதிக் குடுக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் நீட்டாதே. அதுவரைக்கும் இருக்கிற வண்டிக்குப் பின்னாடி ரெண்டு நல்ல பட்டன் டயர் போட்டு ஓட்டு. அந்தப் பாதையில நாலு டிராக்டர் சரளை கொட்டிப் பாத்துட்டு, அப்புறமும் வண்டி மாட்டுதான்னு எனக்கு வந்து சொல்லு.