போகிற வழிதானே!

திருத்தணியிலிருந்து அகோபிலம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நகரி, புத்தூர், ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, ஆள்ளகட்டா என்று சாலையே கைபிடித்துக் கூட்டிப்போகும். விடியற்காலை நாலு மணிக்கு வேன் கிளம்பினால் மதியச் சாப்பாட்டை நரசிம்மரின் ஊரில் சாப்பிடலாம். கணக்கு அவ்வளவு சுலபம். ஆனாலும் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து, மறுநாள் அரக்கப்பரக்க ஓடி, அங்கிருக்கும் ஒன்பது நரசிம்மர்களில் மூன்று நான்கு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் உலக வழக்கம். பழி ஓட்டுநர் மேலும் ஆந்திர சாலை மேலும் விழும். என் கட்சி வேறு. குழு யாத்திரையைக் கவிழ்ப்பது திட்டம் போடும் கூட்டத்தில் யாராவது ஒரு பக்தர் உதிர்க்கும் இரண்டே சொற்கள்: ‘போகிற வழிதானே?’

மற்ற சந்தேக நபர்களை முதலில் விடுதலை செய்துவிடுவோம். மாநில எல்லை ஒரு தொல்லைதான். பர்மிட், வரி என்று வேன்காரர் ஒரு தொகை சேர்த்துச் சொல்வார். அந்த எல்லையைப் பிரித்த காலத்தில் திருப்பதியையும் தமிழ்நாட்டுக்குச் சேர்த்துக் கேட்டுத்தான் எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. போராடினார். கிடைத்தது திருத்தணி, 1960 ஏப்ரல் 1 முதல் அது தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர் கேட்டதெல்லாம் கிடைத்திருந்தால் பர்மிட் வரி இன்னும் கொஞ்ச தூரம் தள்ளித் தொடங்கியிருக்கும், அவ்வளவே. பணம் கட்டினால் தீர்கிற பிரச்சினை இது. மலையையும் குறை சொல்ல முடியாது. தெய்வங்களைத் தவிர வேறு யாராலும் போக முடியாத இடம் என்று திருமங்கையாழ்வாரே பாசுரத்தில் எச்சரித்துவிட்டார். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அந்த அறிவிப்பு அமலில் இருக்கிறது. தவிர, திருத்தணிக்காரர்கள் 365 படிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். பார்த்து என்றுதான் சொன்னேன். மலைமேலே வண்டி போக ரோடும் இருக்கிறதே.

இனி உண்மைக் குற்றவாளி. புத்தூர்ப் பக்கம் நாராயணவனம்: பத்மாவதிக்குக் கல்யாணம் நடந்த ஊர், விடலாமா? ரேணிகுண்டாவில் இடது கைப்பக்கம் திருப்பதி, வலது கைப்பக்கம் காளத்தி. ஏழுமலையானுக்கும் வாயுலிங்கத்துக்கும் நடுவில் ஒரு வேன் நேராகப் போனதாக வரலாறு இல்லை. ராஜம்பேட்டை அருகே தாள்ளபாக்கத்து அன்னமய்யாவின் 108 அடிச் சிலை. அப்புறம் ஒண்டிமிட்டா கோதண்டராமர். கடப்பாவுக்குள் தேவுனி கடப்பா வேங்கடேசர். அகோபிலத்தையும் தாண்டியிருக்கும் மகாநந்தியைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. திரும்பி வராமல் அப்படியே போய்க்கொண்டிருந்தால் அதுவும் போகிற வழிதான். ஒவ்வொரு கோயிலுக்கும் தாளில் அரை மணி எழுதுவார்கள். பதினைந்து பேர் இறங்கி, செருப்பு விட்டு, கால் கழுவி, வரிசையில் நின்று, பிரசாதம் வாங்கி, டீ குடித்து, தலை எண்ணி, ஒரு தலை குறைந்து, அதைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் ஒன்றரை மணி ஆகிவிடும். இதில் முதல் கோயிலில் ஏற்பட்ட தாமதம், இரண்டாவது கோயிலில் நடை சாத்தும் நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். சாயங்காலம் மறுபடி திறக்கும் வரை வேனுக்குள் புளியோதரையும் தூக்கமும். இப்படித்தான் காலையில் தொடங்கிய பயணத்தை ராத்திரி விழுங்குகிறது.

“சாமியைத் தாண்டிப் போவது பாவமில்லையா?” என்பார்கள். இதற்கு நம் முன்னோர்களே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொன்னவர்கள், வேனை நிறுத்தினால்தான் அது செல்லும் என்று சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். ஏழுமலையான் கோபித்துக்கொள்வாரோ என்ற பயமும் வேண்டாம். கீழ் அகோபிலத்துப் பிரகலாத வரதரைப் பிரதிஷ்டை செய்தவரே அவர்தான் என்பது ஐதிகம். அங்கே போகிறவர்களை அவரே வழிமறிப்பாரா?

“வயதானவர்கள் மறுபடி எப்போது வரப்போகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. திருப்பதிக்குத் திருத்தணியில் எந்த நாளும் பஸ் ஏறலாம். ஜ்வாலா நரசிம்மரை அப்படிப் பார்க்க முடியாது. மேல் அகோபிலத்திலிருந்து நல்லமலைக் காட்டுக்குள் பாறையும் ஓடையுமாக நடந்து, இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். பாவன நரசிம்மரிடம் போக உள்ளூர் ஜீப்தான் கதி. நம் வேன் அங்கே ஏறாது. முழங்காலில் மிச்சமிருக்கும் பலத்தை எங்கே செலவழிப்பது என்று பார்க்க வேண்டாமா? வழியிலுள்ள வரிசைகளில் நின்றே அதைத் தீர்த்துவிட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்து, “நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லும் பெரியம்மாக்களுக்கு நாம் செய்வது உபகாரமில்லை.

“போய்ச் சேருவதா முக்கியம்? சேர்ந்து போவதுதானே சுகம்!” என்பது கடைசி ஆயுதம். சேர்ந்து போவது சுகம்தான். ஆனால் அந்தச் சுகம் வேன் ஓடும்போது மட்டுமே கிடைக்கும். ஓடுகிற வண்டியில் பாட்டு, சீட்டு, பழைய கதை, பக்கத்து வீட்டு விவகாரம் எல்லாம் உண்டு. நின்றதும் பாதிப் பேர் தரிசன வரிசையில், கால்வாசி டீக்கடையில், மீதி கழிப்பறையைத் தேடி. கூட்டத்தைக் கலைப்பதே நிறுத்தங்கள்தான்.

ஆகவே என் யோசனை இது. திட்டக் கூட்டத்தைத் திருத்தணி மலைமேலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் அது. கந்த சஷ்டிக்குக்கூட அங்கே சூரசம்ஹாரம் கிடையாது. ஆகவே சண்டை ஓரளவுக்கு மேல் வளராது என்று நம்பலாம். ஒன்பது நரசிம்மர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். யார் எந்தக் கோயிலை வேண்டுமானாலும் சேர்க்கட்டும், தடையே இல்லை. ஒரே நிபந்தனை: சேர்க்கிறவர் அந்த ஒன்பதில் ஒரு பெயரைத் தன் கையாலேயே அடித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். தூணைப் பிளந்துகொண்டு வந்தவரின் பெயர்மேல் பேனாவை வைக்கத் துணிந்தவருக்கு, வேனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு.